மலையேறும்போது மட்டும் கொதிக்கும் பிக்கப்

கேள்வி: என்னிடம் 2005ஆம் ஆண்டுத் தயாரிப்பான டீசல் பிக்கப் வண்டி இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு உர மூட்டைகள் ஏற்றிச் செல்கிறேன். சமவெளியில் எந்தத் தொல்லையும் இல்லை. பர்லியாறைத் தாண்டியதும் வெப்பமானி முள் சிவப்பைத் தொட்டுவிடுகிறது. வாரத்துக்கு ஒரு லிட்டர் வரை தண்ணீர் குறைகிறது. போர் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். ஒரு மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை (தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வு) கழற்றிவிட்டார், பயனில்லை. இன்னொருவர் ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது என்கிறார். ஹெட்டை இறக்கலாமா?

— வாசகர், மேட்டுப்பாளையம்

பதில்: இப்போதைக்கு இறக்க வேண்டாம். மலையில் மட்டும் சூடேறுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதே பாதி விடையைத் தந்துவிடுகிறது. சமவெளியில் ஓடும் வேகமே ரேடியேட்டருக்குக் காற்றைக் கொண்டுவந்துவிடும். ஆனால் குன்னூர் மலைப்பாதையில் சுமார் 1,500 மீட்டர் உயரத்தை இரண்டாம் கியரில் ஏறும்போது, எஞ்சின் முழு மூச்சோடு உழைத்தாலும் வண்டி ஊர்ந்துதான் செல்வதால், காற்றுக்கு ஃபேன் ஒன்றையே நம்பியிருக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே முதல் சந்தேகம் ஃபேன்மீதுதான். உங்கள் வண்டியில் விஸ்கஸ் ஃபேன் (சூடேறியதும் உள்ளிருக்கும் கெட்டி எண்ணெயின் பிடியில் வேகமாகச் சுற்றும் வகை) இருந்தால், நன்றாகச் சூடேறிய நிலையில் எஞ்சினை நிறுத்தி, சாவியையும் எடுத்துவிட்டு, இறக்கையைக் கையால் தள்ளிப் பாருங்கள். கெட்டியாக எதிர்த்தால் நல்லது. பம்பரம்போல இரண்டு மூன்று சுற்று தானாகச் சுற்றினால் உள்ளிருக்கும் சிலிக்கோன் எண்ணெய் கசிந்துவிட்டது என்று பொருள். அதன் நடுப்பகுதியில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி அப்பியிருப்பதும் அதற்கு அடையாளம். நேரடி ஃபேனாக இருந்தால் பெல்ட்டின் இறுக்கத்தைப் பாருங்கள்.

அடுத்தது ரேடியேட்டர் மூடி. விலை குறைந்த பொருள் என்பதாலேயே யாரும் இதைச் சந்தேகிப்பதில்லை. மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. குன்னூர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். எனவே மூடியின் ரப்பர் காய்ந்துபோன வண்டிக்குக் கீழே இருப்பதைவிட மேலே ஆபத்து அதிகம். குறையும் அந்த ஒரு லிட்டரும் இந்த வழியாகவே வெளியேறியிருக்கலாம். காலையில் வண்டி ஆறியிருக்கும்போது மேல் ஹோஸ் உறிஞ்சியதுபோல ஒட்டிக் கிடந்தால், மூடியின் உள்வால்வு திறப்பதில்லை என்று முடிவு செய்யலாம். சூடாக இருக்கும்போது மட்டும் மூடியில் கை வைக்காதீர்கள். மூடி சரியாக இருந்தால், வாட்டர் பம்புக்கு அடியில் உள்ள சிறு துளையில் ஈரக்கறை இருக்கிறதா என்று பாருங்கள்.

போர் தண்ணீரை நிறுத்துங்கள். அதன் உப்பு ரேடியேட்டர் குழாய்களில் கெட்டிலின் அடியில் படிவதுபோலக் காரையாகப் படியும். அடைபட்ட குழாய்கள், சமவெளியில் சமாளித்துவிட்டு, ஏற்றத்தில் கைவிட்டுவிடும். எஞ்சினை நிறுத்திய உடனே இன்ஃப்ராரெட் வெப்பமானியை ரேடியேட்டரின் முகத்தில் நகர்த்தினால், அடைப்புள்ள இடங்கள் திட்டுத் திட்டாகக் குளிர்ந்து தெரியும். அதைச் சுத்தம் செய்த பின், காய்ச்சி வடித்த நீரோடு கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். வெளியே தகடுகளுக்கிடையில் சிக்கிய வைக்கோலையும் எஞ்சின் பக்கமிருந்து மெதுவாக நீர் பாய்ச்சி வெளியேற்றுங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றியது வைத்தியமே அல்ல. ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்கே தண்ணீர் திரும்பும் பைபாஸ் வழியை அதுவே மூடும் அமைப்புள்ள எஞ்சின்களில், அதை எடுத்துவிட்டால் ஒரு பகுதித் தண்ணீர் ரேடியேட்டரை எட்டிப் பார்க்காமலே திரும்பிவிடும். புதிதாக வாங்கியதைப் பொருத்துவதற்கு முன், பாத்திரத்துத் தண்ணீரில் நூலில் தொங்கவிட்டுச் சூடேற்றுங்கள். அதன்மேல் பொறித்திருக்கும் வெப்பநிலையை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் சூடேறினால்தான் ஹெட் கேஸ்கெட். குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்து, நிரம்ப ஊற்றி, ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழிகள் நிற்காமல் வந்தாலோ, மூடியைப் போட்ட ஓரிரு நிமிடத்தில் ஹோஸ் கல்லாக இறுகினாலோ, எண்ணெய்க் குச்சியில் பால் கலந்த தேநீர் நிறம் தெரிந்தாலோ இரண்டாவது மெக்கானிக் சொன்னது உண்மை. சில கசிவுகள் பாரம் ஏற்றினால்தான் தெரியும் என்பதால், புகைக்காற்று கலந்தால் நிறம் மாறும் சோதனைத் திரவத்தை வைத்து, மலையேறி இறங்கிய கையோடு ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அதிலும் நிறம் மாறினால் ஹெட்டை இறக்கிவிடலாம்.