இசிஜி எடுக்கவே ஒன்றரை மணி நேரம்: வழக்குப் போடலாமா?

கேள்வி: போன மாதம் இரவு அப்பாவுக்கு நெஞ்சுவலி. தனியார் மருத்துவமனை அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனோம். "கூட்டமாக இருக்கிறது, முன்பணம் கட்டிவிட்டு உட்காருங்கள்" என்றார்கள். இசிஜி எடுக்கவே ஒன்றரை மணி நேரம் ஆனது. மாரடைப்பு. பிழைத்துவிட்டார், ஆனால் இதயம் பலவீனமாகிவிட்டது. வழக்குப் போடலாமா ஐயா? இன்னொரு குடும்பத்துக்கு இப்படி நடக்கக் கூடாது.

பதில்: போடலாம். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது: அன்றிரவு கடிகாரம் என்ன காட்டியது என்பதற்குச் சாட்சி சேர்க்க வேண்டும்.

இசிஜி தாளை எடுத்துப் பாருங்கள். ஓரத்தில் பொடி எழுத்தில் தேதியும் நேரமும் அச்சாகியிருக்கும். முன்பணம் ஜிபேயில் கட்டியிருந்தால் அந்த நேரம் உங்கள் போனிலேயே இருக்கும். பார்க்கிங் சீட்டு இருந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள். இவற்றை அடுத்தடுத்து வைத்தாலே தாமதம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். சிசிடிவி பதிவு சில வாரங்களில் அழிந்துவிடக்கூடும். அதனால் பதிவைப் பாதுகாக்கச் சொல்லியும், சிகிச்சை ஆவணங்களின் நகல் கேட்டும் நாளைக்கே கடிதம் கொடுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்பது மருத்துவ கவுன்சில் விதி.

கூட்டம் இருந்தது என்பதே குற்றமாகாது. ரத்தம் கொட்டுபவரை முதலில் பார்ப்பது முறைதான். ஆனால் யாருக்கு அவசரம் என்று வந்தவுடனே பிரித்துப் பார்க்க ஒருவர் இருந்தாக வேண்டும். நெஞ்சுவலி என்றால் பத்து நிமிடத்துக்குள் இசிஜி என்பது உலகெங்கும் ஏற்றுக்கொண்ட நடைமுறை. அப்பாவைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் கவுண்டருக்கு அனுப்பியதுதான் உங்கள் வழக்கின் உயிர்நாடி. அரசு மருத்துவரோ தனியாரோ, உயிரைக் காப்பதே முதல் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது.

கடினமான இடம் ஒன்று உண்டு. தாமதத்தால்தான் இதயம் பலவீனமானது என்று காட்ட வேண்டும். அதற்கு வேறொரு இதய மருத்துவரின் எழுத்துப்பூர்வமான கருத்து பெரிய பலம்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். இழப்பீட்டோடு, சேவையில் உள்ள குறையைச் சரிசெய்ய உத்தரவிடவும் கேளுங்கள். ஆணையத்துக்கு அந்த அதிகாரம் உண்டு. இன்னொரு குடும்பத்துக்காக நீங்கள் கவலைப்பட்டீர்களே, அதற்கான வழி இதுதான்.

எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கும் அரசு மருத்துவமனை என்றால் நுகர்வோர் சட்டம் பொருந்தாது, அரசு தன் கடமையில் தவறியது என்று உயர் நீதிமன்றத்தில் நேரடியாக முறையிடும் ரிட் மனுதான். ரயிலிலிருந்து விழுந்தவரைப் படுக்கை இல்லை என்று அரசு மருத்துவமனைகள் திருப்பி அனுப்பிய மேற்கு வங்க வழக்கில், 1996ல் உச்ச நீதிமன்றம் 25,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

சரி, கடிதத்தை நேரில் கொடுத்தால் நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்றே ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதை இசிஜி தாளோடு சேர்த்து வையுங்கள்.