ஜோனா லோமு சிறுநீரக நோயோடு எப்படி ரக்பி ஆடினார்? மாற்றுச் சிறுநீரகம் வைத்த பிறகு ரக்பி ஆடலாமா?

நியூசிலாந்தின் தேசிய ரக்பி அணியான ஆல் பிளாக்ஸுக்காக லோமு ஆடியது 63 டெஸ்ட் (நாடுகளுக்கிடையிலான ஆட்டம்). அடித்தது 37 டிரை (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது). இதில் பெரும்பகுதி நோய் தெரிந்த பிறகு ஆடியது. பலர் இதைக் கவனிப்பதில்லை.

1995 உலகக் கோப்பை அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக 4 டிரை அடித்தபோது அவருக்கு வயது 20. உயரம் 1.96 மீட்டர், எடை 120 கிலோவை ஒட்டி. அந்த ஆண்டின் இறுதியிலேயே நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என்று தெரியவந்தது. சிறுநீரகத்தின் வடிகட்டிகள் ஓட்டையாகி, இரத்தத்தில் இருக்கவேண்டிய புரதம் சிறுநீரில் போய்விடும் நோய் இது. ஆரோக்கியமான உடலில் ஒரு நாளைக்கு 150 மில்லிகிராமுக்குள்தான் போகும். இந்த நோயில் 3.5 கிராமைத் தாண்டும். இரத்தத்தில் அல்புமின் என்ற அந்தப் புரதம் குறைவதால் கால், முகம், கண்ணைச் சுற்றி நீர் கோத்து வீங்கும். இரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு. சிறுநீரில் நுரை அடங்காமல் நின்றால் பரிசோதிக்கச் சொல்வது புரதம் போகிறதா என்று பார்க்கத்தான். சிறுநீரகம் மேலும் கெட்டால் இரத்தச் சிவப்பணுவைத் தூண்டும் ஹார்மோனும் குறைந்து சோகை வரும். லோமுவைப் போல மைதானத்தின் ஓரத்தில் வேகமாக ஓடவேண்டிய விங் ஆட்டக்காரருக்கு அதுதான் பெரிய அடி.

1997-இல் சிகிச்சைக்காக ஒதுங்கியவர், 1998-இல் கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் ரக்பி) தங்கம் வென்ற அணியில் இருந்தார். 1999 உலகக் கோப்பையில் 8 டிரை. என் கணக்கில் 1995-ஐவிட இதுதான் பெரிது.

2003-இல் டயாலிசிஸ், அதாவது இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்தம் செய்வது. வழக்கமாக வாரம் மூன்று முறை, ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம். ஆனால் இயந்திரம் சில மணி நேரம் செய்வதைச் சிறுநீரகம் இரவும் பகலும் செய்கிறது. இடைப்பட்ட நாட்களில் கழிவு தேங்கி நரம்புகளைக் கெடுக்கும். லோமுவின் கால் நரம்புகள் அப்படித்தான் பாதிக்கப்பட்டன, நடப்பதே சிரமமானது. 2004 ஜூலையில் வெலிங்டன் வானொலி அறிவிப்பாளர் கிராண்ட் கெரீமா தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தார். 2005-இல் லோமு மறுபடி களமிறங்கி, வேல்ஸின் கார்டிஃப் புளூஸ் அணிக்கும் ஆடினார். பழைய வேகம் இல்லை என்று விமர்சித்தார்கள். அந்தக் கால்கள் மீண்டும் ஓடியதே எனக்கு அதிசயம்.

இனி இரண்டாவது கேள்வி. மாற்றுச் சிறுநீரகத்தைப் பொதுவாக அடிவயிற்றில், இடுப்பெலும்பை ஒட்டி வைப்பார்கள். அங்கே விலா எலும்பின் காப்பு கிடையாது; ஒரு டேக்கிள் (பந்தோடு ஓடுபவரை மோதிப் பிடித்து வீழ்த்துவது) நேராக அதன்மேல் விழலாம். அதனால் ரக்பி, குத்துச்சண்டை போன்றவற்றைப் பெரும்பாலான மருத்துவர்கள் தவிர்க்கச் சொல்வார்கள். நீச்சல், பேட்மின்டன், ஓட்டம் எல்லாம் காயம் ஆறியபின் மருத்துவர் சொல்லும் நாளிலிருந்து தொடங்கலாம். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரைகளை வாழ்நாள் முழுக்க, நேரம் தவறாமல் போடவேண்டும். விட்டால் உடல் அந்த உறுப்பை நிராகரிக்கும். விளையாடுபவர்கள் சர்வசாதாரணமாகப் போடும் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் வகை வலி மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

எல்லாம் சரியாகச் செய்தாலும் மாற்றுச் சிறுநீரகம் நிரந்தரமல்ல. லோமுவுக்கு அது 2011-இல் செயலிழந்தது. மறுபடி டயாலிசிஸுக்குப் போனவர், 2015 நவம்பர் 18 அன்று 40 வயதில் ஆக்லாந்தில் காலமானார்.