வீட்டுக்குள் ஃப்ளாஷ் இல்லாமல் எடுக்கும் கறுப்பு வெள்ளை முகப்படம் ஏன் தட்டையாக, சாம்பலாக வருகிறது?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு, வாசல் மேற்குப் பார்த்தது. பாட்டியை ஜன்னலோரம் உட்கார வைத்து எடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றினால் முகம் சாம்பல் பூசினாற்போல் இருக்கிறது, எந்த ஆப் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆப்பை மாற்றிப் பயனில்லை. வண்ணப்படத்தில் சேலையின் சிவப்பும் சுவரின் பச்சையும் முகத்தைத் தனியாகப் பிரித்துக் காட்டிவிடும். வண்ணத்தை எடுத்துவிட்டால் மூக்கு, கன்னம், தாடை எல்லாவற்றையும் நிழல்தான் காட்ட வேண்டும். வெளிர் சுவர், வெள்ளை டைல், கூரையில் எரியும் விளக்கு என்று எல்லாப் பக்கமிருந்தும் முகத்தில் வெளிச்சம் விழுந்தால் நிழலுக்கு இடமே இல்லை. ஆகவே முதலில் விளக்குகளையும் டிவியையும் அணையுங்கள். சாமி மேடை பல்பு பின்னணியில் வெள்ளைப் புள்ளியாக விழும், அதையும் அணைத்துவிடுங்கள். காற்றாடி ஓடினால் நரைமுடி பறந்து மங்கும்.

வடக்கு ஜன்னல்தான் சிறந்தது என்று பல புத்தகங்களில் இருக்கும். அது ஐரோப்பா போன்ற வடதிசை நாடுகளுக்குச் சரி. சுங்கை சிப்புட் நிலநடுக்கோட்டிலிருந்து 5 பாகைக்குள் இருக்கிறது. ஏப்ரல் தொடக்கம் முதல் செப்டம்பர் தொடக்கம் வரை சூரியன் வடக்குப் பக்கமாகப் போகும். அந்த மாதங்களில் நேர்வெயில் படாதது தெற்கு ஜன்னல். மற்ற மாதங்களில் வடக்கு. கடிகாரத்தையும் நம்ப வேண்டாம். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் நேரம் கிழக்கு 120 பாகைக்குரியது. பேராக் இருப்பதோ 101 பாகையில். அதனால் உச்சிவெயில் பகல் ஒன்றேகால் மணியை ஒட்டித்தான் வரும். மேற்கு வாசலுக்குக் காலை 9 முதல் 12 வரை அருமையான நேரம்: வெயில் வீட்டின் பின்பக்கம் இருக்கும், வாசல் வழியே வானத்தின் வெளிச்சம் மட்டும் வரும். கிழக்கு வாசல் என்றால் மாலை 4 முதல் 6 வரை.

வாசல் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கார் நிறுத்தும் இடத்தின் கூரை, தோட்டத்து (எஸ்டேட்) வீடு என்றால் அஞ்சடி எனும் முன்திண்ணையின் கூரை, உச்சியிலிருந்து வரும் வெளிச்சத்தை மறைத்துவிடுகிறது. தலைக்கு மேலிருந்து விழும் ஒளிதான் கண்களைக் குழியாக்குவது. கூரைக்கு அடியில் தாழ்வாக, பக்கவாட்டில் நுழையும் ஒளி கண்ணுக்குள்ளேயே போகும். கண்ணாடிப் பட்டைகள் அடுக்கிய நாக்கோ ஜன்னல்தான் வேண்டுமென்றால் அந்தக் கண்ணாடிகளைப் படுக்கைவசமாக முழுக்கத் திறந்து வையுங்கள். நேர்வெயில் பட்டால் முகத்தில் கோடு கோடாக நிழல் விழும். ஒரு மடிப்பு வெள்ளை வேட்டியை ஜன்னலில் கட்டினால் அது போய்விடும்.

நாற்காலியை வாசலுக்கு நேரே போட வேண்டாம். நேரே போட்டால் ஒளி முகம் முழுக்கச் சமமாக அடிக்கும், திரும்பவும் தட்டை. வாசலிலிருந்து ஒன்றரை மீட்டர் உள்ளே, ஒரு மீட்டர் பக்கவாட்டில் தள்ளிப் போடுங்கள். நீங்கள் முன்சுவரில் முதுகு படும்படி நில்லுங்கள். இப்போது ஒளி ஏறக்குறைய 45 பாகையில் வரும். பாட்டியின் முகத்தை மெதுவாக வாசல் பக்கம் திருப்பச் சொல்லி, தூரக் கன்னத்தில், கண்ணுக்குக் கீழே சிறு முக்கோண வெளிச்சம் விழும் இடத்தில் நிறுத்துங்கள். பின்னால் மூன்று மீட்டராவது காலியாக இருக்கட்டும். சமையலறைக் கதவு மூடியிருந்தால் அந்தப் பகுதி தானாகக் கறுத்துவிடும்.

நிழல் போதவில்லையா? குற்றவாளி பக்கத்துச் சுவர். நிழல் பக்கக் கன்னத்திலிருந்து அரை மீட்டரில் கறுப்பு மணிலா அட்டையோ கறுப்புச் சேலையோ பிடியுங்கள். நிழல் அதிகமென்றால் அதே இடத்தில் வெள்ளை மணிலா அட்டை. டைல் கீழிருந்து தாடையை வெளிச்சமாக்கினால் ஒரு பாயை விரித்தால் போதும்.

கேமராவில் 50 மி.மீ. லென்ஸ், லென்ஸ் துவாரம் எஃப் 2.8, ஷட்டர் வேகம் 1/125 விநாடி, ஒளி உணர்திறன் (ஐஎஸ்ஓ) 800 முதல் 1600. வேகத்தை அதற்குக் கீழே இறக்காதீர்கள், வயதானவர்கள் உட்கார்ந்திருந்தாலும் லேசாக ஆடுவார்கள். கைப்பேசி என்றால் 2 மடங்கு ஜூம், ஒன்றரை மீட்டர் தூரம். கிட்டப் போனால் மூக்கு பெருத்துத் தெரியும். பியூட்டி மோடை நிறுத்துங்கள், அது சுருக்கங்களைத் தேய்த்துவிடும். கறுத்த பின்னணியைப் பார்த்து கேமரா முகத்தை வெளுக்க வைக்கும். ஒரு புள்ளியின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரை வெளிச்சம் படும் கன்னத்தில் வையுங்கள்; மாநிறத்துக்கு அப்படியே, கறுத்த நிறத்துக்கு முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). அது கறுப்பழகு, கறுப்பாகவே வரட்டும். நெற்றியில் வேர்வை மினுங்கினால் உலர்ந்த துணியால் ஒற்றியெடுங்கள். விபூதி வெளுத்துப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனித்தான் ஆப். ரா (RAW) எனும், கேமரா மாற்றம் செய்யாத கோப்பாக எடுத்து, கேமரா திரையை மட்டும் கறுப்பு வெள்ளையில் வைத்துக்கொள்ளலாம். ஜேபெக்கில் நிறத்தகவல் குறைவு. ஸ்லைடரை அதிகம் இழுத்தால் முகத்தில் திட்டுத் திட்டாகத் தெரியும். நம் தோலின் நிறம் ஆரஞ்சிலும் சிவப்பிலும் இருக்கிறது. சிவப்பு ஃபில்டர் போட்டால் தோல் வெளுத்து, உதடு மங்கி, குங்குமப் பொட்டு காணாமலே போகும். பொட்டில்லாத பாட்டி படத்தை யாருக்கும் காட்ட முடியாது. பச்சை ஃபில்டரில் பொட்டு கறுப்பாக நிற்கும், சுருக்கங்களும் தெளிவாகும். ஸ்னாப்சீடின் கறுப்பு வெள்ளைக் கருவியில் இந்த ஃபில்டர்கள் உண்டு. லைட்ரூமில் ஆரஞ்சு +10, சிவப்பு −20 என்று தொடங்குங்கள். நீல ஃபில்டரைத் தொட வேண்டாம், தோல் சொரசொரப்பாகும். கான்ட்ராஸ்டை ஏற்றும்போது எண்ணெய் வைத்த கொண்டையில் முடி இழை தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் அளவு மீறிவிட்டது.

பிரிண்ட் போடுவதென்றால் திரையின் பிரகாசத்தைப் பாதியாக்கிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள், தாளில் எப்போதும் கொஞ்சம் இருண்டுதான் வரும். 8ஆர் (8×10 அங்குலம்) போடுமுன் ஒரு 4ஆர் (4×6 அங்குலம்) மேட் தாளில், அதாவது பளபளப்பில்லாத தாளில், சோதித்துப் பாருங்கள். வண்ணத்தாளில் அடிக்கும் கடைகளில் சாம்பல் நிறம் பச்சையாகவோ ஊதாவாகவோ சாய்வதுண்டு. அப்படி வந்தால் படம் முழுவதற்கும் லேசான பழுப்புச் சாயம் கொடுத்து மறுபடி அனுப்புங்கள், அந்தச் சாய்வு கண்ணுக்குத் தெரியாது.