மொட்டை மாடியில் பசுமைக்குடில்: வாசகர் கேள்விகள்

மதுரை வாசகி: மாடியில் 10 அடிக்கு 12 அடி இடத்தில் தக்காளி, மிளகாய், கீரை வளர்க்கிறேன். சித்திரை வெயிலில் எல்லாம் கருகுகிறது. ஜிப் வைத்த பிளாஸ்டிக் பசுமைக்குடில் ஒன்றை இணையத்தில் பார்த்தேன். வாங்கலாமா?

வேண்டாம். அது குளிர் நாட்டுக்காரர்களுக்காகச் செய்த கூடாரம். வெயிலை உள்ளே விடும், சூட்டை வெளியே விடாது. வெளியே 39 டிகிரி என்றால் உள்ளே 45-ஐத் தாண்டிவிடும். தக்காளிக்கோ 35-க்கு மேல் போனாலே மகரந்தம் கெட்டுப் பூ உதிரத் தொடங்கும்.

உங்களுக்கு நிழல்வலைதான் தேவை. கடையில் ‘ஷேட் நெட்’ என்று கேளுங்கள். 35, 50, 75, 90 சதவீதங்களில் கிடைக்கும்; வலை மறைக்கும் வெளிச்சத்தின் அளவு அது. காய்கறிக்கு 50 போதும். ‘கூட இருந்தால் நல்லதுதானே’ என்று 75 வாங்கிவிட்டு, செடி நெட்டையாகப் போகிறது, பூக்கவே இல்லை என்று வருந்துபவர்கள் நிறையப் பேர். 75 என்பது பெரணி, ஆந்தூரியம் போன்றவற்றுக்கும், புதிதாக நட்ட தண்டுகளுக்கும். யூவி பதப்படுத்திய (வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும்) வலைதானா என்று பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் சீக்கிரமே தொட்ட இடத்தில் பொடிந்து உதிரும்.

கூரை 8 அடி உயரமாவது இருக்கட்டும். தாழ்ந்தால் வெக்கை செடி மேலேயே நிற்கும். மேற்குப் பக்கத்திலும் வலை தொங்கவிடுங்கள், பிற்பகல் வெயில் அங்கிருந்துதான் சாய்ந்து அடிக்கும். மற்ற பக்கங்கள் திறந்தே இருக்கட்டும். வலையை நிரந்தரமாகத் தைத்துவிடாதீர்கள். ஐப்பசி முதல் தை வரை வெளிச்சமே குறைவு, அப்போது அதைச் சுருட்டி வைக்க வேண்டும்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறோம்: வலை போட்டாலும் சித்திரை, வைகாசியில் தக்காளி சரியாகக் காய்க்காது. இரவிலும் சூடு இறங்காததால் காய் பிடிக்காது. அந்த மாதங்களை வெண்டை, கொத்தவரை, கீரைக்குக் கொடுங்கள்.

சென்னை வாசகர்: சட்டத்துக்கு பிவிசி குழாய் போதுமா? தளத்தில் துளை போடாமல் எப்படி நிறுத்துவது?

பிவிசி வெயிலில் வளைந்துவிடும். மேலே பாலித்தீன் போடுவதாக இருந்தால், பிவிசி படும் இடத்தில் தாள் சீக்கிரம் நைந்துபோகும். ஒன்றேகால் அங்குல ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய், 2 மி.மீ. தடிமனில் வாங்குங்கள். மெல்லிய குழாய் மலிவுதான், ஆனால் வெல்டிங் வைத்த இடத்தில் முதலில் துருப்பிடிக்கும். அங்கே துத்தநாகப் பெயின்ட் அடிக்க மறக்க வேண்டாம்.

துளை போடவே கூடாது. மேலே நீர் இறங்காமல் இருக்கப் போட்ட சுருக்கித் தளம் உடைந்தால் மழைநீர் கீழ் அறைக்கு இறங்கும். 20 லிட்டர் பெயின்ட் வாளியில் கால் குழாயை நிறுத்தி கான்கிரீட் நிரப்பினால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 48 கிலோ இருக்கும். வாளிகளைச் சுவர் அல்லது பீம் செல்லும் கோட்டின் மேல் வையுங்கள். கைப்பிடிச் சுவரோடும் கிளாம்ப் போட்டுப் பிணையுங்கள்.

இவ்வளவு செய்தாலும், 2016 டிசம்பரில் வந்த வர்தா மாதிரி ஒரு புயலுக்கு வலை தாங்காது. விரித்த வலை சட்டத்தையும் சேர்த்து இழுத்துப் போய்விடும். எச்சரிக்கை வந்ததும் வலையைக் கழற்றிவிட வேண்டும். அதற்குத் தோதாகக் கம்பிக்குப் பதில் கயிற்றால், உருவு முடிச்சாகக் கட்டுங்கள்.

குடிலின் எடையைவிட மண்ணின் எடைதான் ஆபத்து. ஓர் அடி ஆழ ஈர மண், ஒரு சதுர மீட்டரில் 500 கிலோவைத் தொடும். ஆட்கள் ஏறும் மாடித் தளத்துக்கு வழக்கமாக எடுக்கும் பாரக் கணக்கு சதுர மீட்டருக்கு 150 கிலோதான். செங்கல் கட்டி மண் கொட்டுவதை விடுங்கள். தென்னைநார்க் கழிவு கலந்த பைகளை இடைவெளி விட்டு வையுங்கள்.

கோவை வாசகி: வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல் ஓயவே இல்லை. வலைக்குடில் உதவுமா?

உதவும், ஆனால் நிழல்வலை அல்ல. தேமல் நோயின் வைரஸைப் பரப்பும் வெள்ளை ஈ நிழல்வலைக்குள் சுலபமாக நுழைந்துவிடும். 40 மெஷ் பூச்சித் தடுப்பு வலை வேண்டும், அதாவது அங்குலத்துக்கு 40 கண். விதைக்கும் முன்பே நான்கு பக்கமும் மூடுங்கள். கதவு இரட்டையாக இருக்கட்டும்: ஒன்றை மூடிய பிறகே மற்றதைத் திறக்க வேண்டும். தேமல் கண்ட பழைய செடி ஒன்று உள்ளே இருந்தாலும் செலவு வீண். காற்றோட்டம் குறைவதால் சிலந்திப்பேன் பெருகும். இலையின் அடிப்பக்கத்தை வாரம் ஒருமுறை பாருங்கள்.

வலைக்குள் தேனீ வராது என்றாலும் வெண்டை தானாகவே காய்க்கும். தேனீ வராத இடத்தில் பீர்க்கும் சுரையும் காய்க்காது. ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தொட வேண்டும். அந்த இரண்டும் மாலையில் மலர்பவை. பரங்கி என்றால் காலை 8 மணிக்குள்.

திருச்சி வாசகர்: கறிவேப்பிலைத் தொட்டியையும் குடிலுக்குள் வைக்கலாமா?

வெளியே வெயிலில் வையுங்கள். அதற்குக் கூரை தேவையில்லை.

உதகை வாசகர்: உறைபனியில் செடிகள் கருகுகின்றன. பாலித்தீனா, பாலிகார்பனேட்டா?

மூடிய குடில் கேட்க உங்களுக்குத்தான் நியாயம் இருக்கிறது. 200 மைக்ரான் யூவி பாலித்தீன் மூன்று வருடம் போல வரும். கந்தக மருந்து அடித்தால் அதுவும் குறையும். ஆனால் வானம் தெளிந்த இரவில் பாலித்தீன் வழியே சூடு வெளியேறிவிடும். வெளியைவிட இரண்டு மூன்று டிகிரி கூடக் கிடைத்தாலே அதிகம். மாலை 4 மணிக்கே பக்கத் திரையை இறக்கி, காலையில் வெயில் ஏறியதும் சுருட்டுங்கள். சுருட்டாவிட்டால் உட்புறம் கோத்த நீர் இலையில் சொட்டிப் பூஞ்சணம் வரும்.

சிறிய குடிலுக்கு, பணம் இருந்தால், 6 மி.மீ. இரட்டைச் சுவர் பாலிகார்பனேட் (நடுவே குழல்கள் ஓடும் கெட்டி பிளாஸ்டிக் தகடு) நல்லது. உள்ளே அடைபட்ட காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. யூவி பூச்சுள்ள பக்கம், ஒட்டுத்தாளில் அச்சிட்டிருக்கும், வானத்தைப் பார்க்க வேண்டும். உள் குழல்கள் சரிவின் வாக்கில் ஓடட்டும். மேல் விளிம்பை அலுமினிய டேப்பால் அடையுங்கள். கீழ் விளிம்பில் நீர் வடியத் துளையுள்ள டேப் போடுங்கள். இரண்டையும் அடைத்தாலோ திறந்துவிட்டாலோ குழலுக்குள் பாசி பிடித்து வெளிச்சம் மங்கும், பிறகு அதைச் சுத்தம் செய்ய முடியாது. தகடு வெயிலில் விரியும் என்பதால் ஸ்க்ரூவின் தடிமனைவிட 2, 3 மி.மீ. பெரிதாகத் துளை போடச் சொல்லுங்கள்.