வாசகர் கேள்வி: கூலிக்கு எழுதுவது குறையா?

கேள்வி: சொந்தப் படம் எடுக்கும் ஆசையில் இருப்பவர், காசுக்காக அடுத்தவர் படத்துக்குத் திரைக்கதை எழுதினால் பெயர் கெடாதா?

பதில்: அட, அதெல்லாம் கெடாது. அமெரிக்கத் திரைப்பட இயக்குநர் ஜான் செய்ல்ஸைப் பாருங்கள். குறைந்த செலவில் படம் தயாரித்த ரோஜர் கார்மனின் கம்பெனிக்கு ‘பிரானா’ (1978) என்று மனிதரைக் கடிக்கும் மீன் கதையெல்லாம் எழுதிச் சேர்த்த பணத்தில்தான் ‘ரிட்டர்ன் ஆஃப் த செகாகஸ் செவன்’ என்ற முதல் படத்தை எடுத்தார். செலவு சுமார் 60,000 டாலர், எடிட்டிங்கும் அவரே, ஒரு வேடத்தில் நடித்தும் விட்டார். 1983-இல் திறமைசாலிகளுக்கு நிபந்தனையில்லாமல் தரும் மெக்ஆர்தர் உதவித்தொகை கிடைத்த பிறகும் கூலி எழுத்தை அவர் விடவில்லை. அப்புறம் ‘பேஷன் ஃபிஷ்’, ‘லோன் ஸ்டார்’ இரண்டுக்கும் திரைக்கதைக்காக ஆஸ்கர் பரிந்துரை வந்தது, விருதுதான் வரவில்லை.