தப்பித்த பிறகும் ‘ரூம்’ படம் ஏன் முடியவில்லை? மனவடு என்றால் என்ன?

2015-இல் வந்த ‘ரூம்’ படத்தில், கடத்தி அடைக்கப்பட்ட தாயும், அங்கேயே பிறந்த ஐந்து வயது மகனும் பாதிப் படத்திலேயே தப்பிவிடுகிறார்கள். அப்புறம் மீதிப் படம் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். மனவடுவைச் சொல்வதே அந்த மீதிதான்.

மனவடு என்றால், ஆபத்து நீங்கியும் உடம்பு அதை நம்ப மறுப்பது. அடைபட்டிருந்த ஏழு வருடமும் கதவுச் சத்தம் கேட்டாலே அவளுக்கு ஆபத்துதான். உயிரைக் காத்த அந்த உஷாரை மூளை ஒரே நாளில் கைவிடாது.

மும்பைக்காரர்களுக்கு இது எளிதாகப் புரியும். 2005 ஜூலை 26-இல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை. எங்கள் தாராவி வீட்டில் இடுப்பளவு தண்ணீர். இன்றும் ராத்திரி தகரக் கூரையில் மழை வலுத்தால், அம்மா எழுந்து அரிசி டப்பாவையும் ரேஷன் கார்டையும் பரணில் ஏற்றிவிடுவார். வெள்ளம் வராது என்று அவருக்கே தெரியும். கை கேட்பதில்லை.

படத்தில் அந்தத் தாய் நொறுங்குவது வீடு திரும்பிய பிறகுதான். மகனுக்காக அதுவரை தாங்கியிருந்தாள். பார்க்கவே நெஞ்சு பதைக்கும்.

“சின்னப் பிள்ளை, மறந்துவிடும்” என்பது தவறு: நடந்தது நினைவில் இல்லாவிட்டாலும், தூக்கத்திலும் பயத்திலும் அது தங்கிவிடலாம்.