பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும் பழைய தின் கிளையன்ட்டை (சர்வரை நம்பி ஓடும் குட்டி அலுவலகப் பெட்டி) முழுக் கணினியாக்க முடியுமா?

முடியும். 2000-இல் அமெரிக்காவில் 99 டாலருக்கு விற்ற ஐ-ஓப்பனர் என்ற, இணையத்துக்கு மட்டுமேயான பெட்டியிலேயே ஹார்ட் டிஸ்க் மாட்டி விண்டோஸ் ஓட்டினார்கள். மாத இணையச் சந்தாவை நம்பி நஷ்டத்துக்கு விற்ற நிறுவனம்தான் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டது.

உங்கள் பெட்டி அவ்வளவு படுத்தாது. அடாப்டரையும் கையோடு கேட்டு வாங்குங்கள். 12 வோல்ட் பெட்டிக்கு லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரைச் சொருகினால் போர்டு அவ்வளவுதான். கடையிலேயே மானிட்டரில் மாட்டி, பயாஸ் (பெட்டி கிளம்பும்போது முதலில் ஓடும் அடிப்படை நிரல்) பாஸ்வேர்டு கேட்கிறதா என்று பாருங்கள். நான் பார்க்காமல் அல்சூருக்குத் தூக்கி வந்து, மறுநாள் அதே கடை வாசலில் போய் நின்றேன். "நீங்க கேக்கலையே சார்" என்றார் கடைக்காரர்.

அப்புறம் ரேமைக் கூட்டி, உள்ளிருக்கும் குட்டி ஃபிளாஷ் சேமிப்பகத்துக்குப் பதில் எஸ்எஸ்டி போட்டு, எடை குறைந்த லினக்ஸை நிறுவினால் சரி. 32-பிட் புராசஸர் என்றால் வேண்டாம். குரோம் 2016-லேயே 32-பிட் லினக்ஸைக் கைவிட்டுவிட்டது.